நான் யாரையும் மேய்த்ததில்லை

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் அலுவலகத்தில் பதினோரு பேர் ஒரே சமயத்தில் மேனேஜர் ஆனோம். முதலாளியைத் தவிர்த்தால் அலுவலகத்தில் மொத்தமே பன்னிரண்டு பேர்தான். மிச்சமிருந்த ஒருவர் பியூன்.

கல்கத்தா துறைமுகப் பக்கம் கார்டன் ரீச்சில், கப்பல்களுக்குக் கயிறு, பெயின்ட், வால்வு, விளக்கு என்று சாமான்கள் சப்ளை செய்யும் தனியார் கம்பெனி அது. அப்போது நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. நாற்காலியின் குஷன் இரண்டு முறை மாறியது. வேலை மாறவில்லை. பிறர் சொல்வதை நான் அடிப்பேன். கப்பல் கேப்டன்களுக்கும் சுங்க இலாகாவுக்கும் பாங்கிக்கும் எங்கள் கம்பெனி எழுதிய அத்தனை கடிதங்களும் என் விரல் வழியாகத்தான் போயின.

இந்தப் பதவி உயர்வுக்குக் காரணம் மார்ச் மாதம். வருடாவருடம் மார்ச்சில் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனவர்கள் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. எட்டு, எட்டரை ஆகும். அந்த வருடம் ஸ்டோர் கிளார்க்கிடம் யாரோ, கூடுதல் நேர வேலைக்குக் கூடுதல் சம்பளம் உண்டு, அது சட்டம், என்று சொல்லிவிட்டார்கள். அவர் எங்களிடம் சொன்னார். பதினாறு வருடமாக அந்தச் சட்டம் எங்கேயோ இருந்திருக்கிறது, எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதுவது என்று முடிவாயிற்று. அதையும் நான்தான் அடித்தேன். 'மிகுந்த பணிவுடன்' என்ற சொல் அதில் மூன்று இடத்தில் வந்தது. பயத்தில் மூன்றும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலாளி நல்ல மனிதர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. குரல் உயர்த்திப் பேசமாட்டார். துர்கா பூஜோ வந்தால் வீட்டுக்கு ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு அனுப்புவார். அவர் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு எங்களை நிற்கவைத்து, மிகவும் வருத்தப்பட்ட குரலில் கேட்டார்.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம். குடும்பத்துல யாராவது ஓவர்டைம் கேப்பாங்களா?"

எனக்குத் தெரிந்த குடும்பங்களில் பெண்கள் கேட்க ஆரம்பித்தால் நாட்டில் பாதி வீடுகளை விற்க வேண்டியிருக்கும். ஆனால் அதை அப்போது சொல்லவில்லை. பதினோரு பேரும் தலை குனிந்து வெளியே வந்தோம்.

ஒரு வாரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டுப் பதினோரு கடிதங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொன்னார். 'தங்கள் திறமையையும் தலைமைப் பண்பையும் பாராட்டி' என்று எல்லாக் கடிதமும் ஆரம்பித்தது. தலைமைப் பண்பு, தலைமைப் பண்பு என்று அடித்து அடித்து, எட்டாவது கடிதத்தில் எனக்கே அது இருப்பதுபோல் தோன்றிவிட்டது. ஸ்டோர் கிளார்க் ஸ்டோர்ஸ் மேனேஜர். கணக்கு எழுதுபவர்கள் இருவரும் அக்கவுன்ட்ஸ் மேனேஜர்கள். பதினோராவதாக என் கடிதம். நான் கரெஸ்பாண்டன்ஸ் மேனேஜர். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரு வரி இருந்தது: 'இப்பதவி நிர்வாகப் பொறுப்புடையதாதலால், பணி நேரம் குறித்த விதிகள் தங்களுக்குப் பொருந்தா.' கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சரியாக வைத்து அதையும் அடித்தேன். டைப்பிஸ்டுகளுக்கு ஒரு வியாதி உண்டு. விரல் படிக்கும், மூளை படிக்காது.

அன்று சாயங்காலம் எல்லோருக்கும் சந்தேஷ். பெட்டியை நீட்டிக்கொண்டு வந்த பியூன் என் மேஜை அருகில் நின்று வங்காளத்தில் மெதுவாகக் கேட்டார். அவருக்கும் என் வயதுதான், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்; இருந்தாலும் என்னை அக்கா என்ற அர்த்தத்தில் திதி என்றுதான் கூப்பிடுவார்.

"திதி, பதினோரு பேர் மேனேஜர் ஆயிட்டீங்க. டீ கொண்டு வர்றவன் நான் ஒருத்தன்தான். யாருக்கு முதல்ல குடுக்கறது?"

நான் பெட்டியிலிருந்து ஒரு சந்தேஷை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் என் கணவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கம். முப்பத்தைந்து வருடம் அலுவலகத்தில் பிறருக்கு எழுந்து நின்றவர். அடுத்த ஞாயிறே எங்கள் லேக் கார்டன்ஸ் ஃபிளாட் கதவில் பித்தளையில் ஒரு பெயர்ப் பலகை ஏறியது. முதல் வரியில் என் பெயர், கீழே 'மேனேஜர்'. அதற்கும் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில் அவர் பெயர்.

"எதுக்கு இதெல்லாம்" என்றேன்.

"ஏளா, கெடக்கட்டும். எதுத்த வீட்டு பௌதி தெனமும் பாத்துட்டே போவட்டும்" என்றார்.

பௌதி என்று நாங்கள் கூப்பிடும் எதிர் வீட்டு வங்காள அம்மாள் பார்த்தார். பால்காரரும் பார்த்தார். மூன்று வருடம் கழித்து எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது சம்பந்தி வீட்டாரும் பார்த்தார்கள். பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'மேனேஜர், கல்கத்தா' என்று போட வேண்டும் என்பதில் என் கணவர் உறுதியாக இருந்தார். முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்தோம். இரண்டாவதை நானே கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தேன். அவர் கல்யாணத்துக்கு வந்து, இலையில் உட்கார்ந்து, இரண்டு முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டுப் போனார்.

நான் மேனேஜராக இருந்தது ஆறு வருடம். அந்த ஆறு மார்ச் மாதங்களிலும் எட்டரை மணிக்குத்தான் வீடு திரும்பினேன், ஆனால் நிர்வாகப் பொறுப்போடு திரும்பினேன்.

பிறகு முதலாளியின் மகன் அலுவலகத்துக்கு வர ஆரம்பித்தார். வெளியூரில் நிர்வாகப் படிப்பு படித்தவர். கடிதங்களைத் தானே எழுதிவிடும் ஒரு மென்பொருள் வாங்கினார். அடுத்த மாதம் என் மேஜையில் ஒரு உறை இருந்தது. 'தங்கள் சேவை இனித் தேவைப்படவில்லை. ஒரு மாத நோட்டீஸ். தங்கள் பங்களிப்புக்கு நன்றி.' என்னிடம் கொடுத்து அடிக்கச் சொல்ல முதலாளிக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். மகன் ஏதோ பழைய கடிதத்தின் மேலேயே அடித்திருந்தார். அதனால் என்னை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தின் தலைப்பில், 'பொருள்: மூன்று அங்குல வால்வு விலை விசாரிப்பு தொடர்பாக' என்று இருந்தது.

அழுகை வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கம்பெனியிலிருந்து இப்படி ஒரு கடிதம் வெளியே போனதில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பஸ்ஸில் வந்தது.

அலிப்பூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலம்மா இருந்தார். தொழிலாளர் வழக்குகள் மட்டும் எடுப்பவர். நாற்பது வயது இருக்கும். எப்போதும் வாயில் ஒரு ஏலக்காய். என் கடிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மேனேஜர் என்று கம்பெனி அச்சடித்துக் கொடுத்திருந்த என் விசிட்டிங் கார்டைக் கையில் எடுத்தார்.

"திதி, இதுதான் சிக்கல். சட்டத்துல தொழிலாளின்னா ஒரு அர்த்தம் இருக்கு. கிளார்க், டைப்பிஸ்ட், ஃபிட்டர் எல்லாம் தொழிலாளி. தொழிலாளியை வெளியே அனுப்பணும்னா முதலாளி சில முறைகளைக் கடைப்பிடிச்சே ஆகணும். மேனேஜர்னா இந்தச் சட்டம் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது."

"நான் டைப்தானே அடிச்சேன்."

"அதைத்தான் நிரூபிக்கணும். பதவிப் பேர் என்னன்னு கோர்ட் பெருசா பார்க்காது. கை என்ன வேலை செஞ்சுதுன்னு பார்க்கும். ஆனா நிரூபிக்க வேண்டியது நீங்க. நீங்க மேனேஜரே இல்லை, உங்களுக்கு அங்க ஒரு அதிகாரமும் கிடையாதுன்னு காட்டணும். வீட்டுக்குப் போய் உக்காந்து, எதையெல்லாம் உங்களால செய்ய முடியாதுன்னு ஒரு பட்டியல் எழுதிட்டு வாங்க. கூச்சப்படாம எழுதுங்க."

வேலைக்கு விண்ணப்பம் போடும்போது என்னவெல்லாம் தெரியும் என்று எழுதுவார்கள். வேலை போன பிறகு இப்படி ஒரு பட்டியல். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். யாருக்கும் லீவு கொடுத்ததில்லை. யாரையும் வேலைக்கு எடுத்ததில்லை, கண்டித்ததில்லை. செக்கில் கையெழுத்துப் போட்டதில்லை. அலமாரிச் சாவி என்னிடம் இருந்ததில்லை. பேனா ரீஃபில் வேண்டுமென்றால் சீட்டு எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஏ.சி.யைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு அனுமதி இல்லை. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. இரண்டு பக்கம் நிரம்பி மூன்றாவது பக்கத்துக்குப் போனேன்.

என் கணவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தார். முதல் பக்கத்தில் சிரித்தார். இரண்டாவது பக்கத்தில் ஒரு வரியில் விரல் வைத்து நிறுத்தினார். அவருடைய கண் ஆபரேஷனுக்கு நான் ஒரு நாள் லீவு கேட்டு, அரை நாள்தான் கிடைத்தது என்று எழுதியிருந்தேன்.

"அன்னைக்கு மீட்டிங்னு சொன்னியேளா."

"மேனேஜருக்கு லீவு கிடைக்கலைன்னு எப்படிச் சொல்றது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது பக்கத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வாசல்ல அந்தப் பலகையக் கழட்டிருதேன்" என்றார். மறுநாள் வக்கீலம்மாவைக் கேட்டேன். கழற்றினால் சாட்சியத்தை மறைத்ததாகச் சொல்வார்கள், அப்படியே இருக்கட்டும், என்றார். ஆகையால் நான் மேனேஜர் இல்லை என்று வழக்குப் போடப் புறப்பட்ட ஒவ்வொரு நாளும், மேனேஜர் என்று எழுதிய கதவைப் பூட்டிவிட்டுத்தான் புறப்பட்டேன்.

முதலில் தொழிலாளர் துறையில் சமரசப் பேச்சு. இரண்டு தடவை கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. மூன்றாவது தடவை மகன் வந்தார். சமரச அதிகாரியிடம் என்னைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டு நான் திகைத்துப்போனேன். நான் கம்பெனியின் தூணாம். கொள்கை முடிவுகளில் எனக்குப் பெரும் பங்கு இருந்ததாம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களை நானே சுதந்திரமாகக் கையாண்டேனாம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட யாரும் இப்படிச் சொன்னதில்லை. உடனே என் வக்கீலம்மா எழுந்தார்.

"சார், இவங்களால ஒரு பேனா ரீஃபில்கூட சொந்தமா வாங்க முடியாது. இவங்க முடிவு எடுத்து நான் பார்த்ததே இல்லை."

பிறகு ஒன்றரை வருடம் தீர்ப்பாயத்தில் நடந்ததும் இதேதான். என்னை வெளியே தள்ளியவர்கள் என் பெருமையை அடுக்குவார்கள். நான் நியமித்த வக்கீல் நான் ஒன்றுக்கும் லாயக்கில்லாதவள் என்பதை ஆதாரத்தோடு காட்டுவார். நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, என் வக்கீல் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

குறுக்கு விசாரணை நாளில் கம்பெனி வக்கீல் மூன்று ஆதாரங்கள் கொண்டுவந்தார். முதலில் விசிட்டிங் கார்டு. கம்பெனி அச்சடித்துக் கொடுத்தது, நான் கேட்கவில்லை, என்றேன். இரண்டாவது என் வீட்டுக் கதவின் போட்டோ. யார் எப்போது வந்து எடுத்தார்கள் என்று தெரியவில்லை. பலகை பளபளவென்று இருந்தது. என் கணவர் வாரம் ஒரு முறை புளி போட்டுத் துலக்குவார்.

மூன்றாவதாக அவர் மஞ்சள் தடவிய ஒரு அட்டையை எடுத்தார். என் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை. முதலாளிக்கு நானே என் கையால் கொடுத்தது. அதற்கு ஒரு எண் போட்டுச் சாட்சியமாக வைத்தார்கள்.

"இதுல 'மேனேஜர், கல்கத்தா'ன்னு போட்டிருக்கே. இது நீங்க அச்சடிச்சதுதானே?"

"ஆமாம்."

"அப்ப இது பொய்யா? உங்க மக கல்யாணப் பத்திரிகையில பொய் எழுதுவீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பின் பெஞ்சில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"பொய்னு சொல்ல மாட்டேன்" என்றேன். "கம்பெனி குடுத்த பேரைப் போட்டோம். மாப்பிள்ளைக்கு டீம் லீடர்னு போட்டிருக்கு பாருங்க. அவர் டீம்ல அவரும் இன்னொருத்தரும்தான். அந்த இன்னொருத்தரும் லீவுல இருக்கார். எங்க ஊர்ல பத்திரிகையைப் பார்த்து யாரும் வேலை குடுக்கறதில்லை, பொண்ணு மட்டும்தான் குடுப்பாங்க."

நீதிபதி தலை குனிந்து எதையோ எழுதினார். தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்த தேதியில் முதலாளி கூண்டில் ஏறினார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நானும் வணங்கினேன். வக்கீலம்மா அவரிடம் அதிகம் கேட்கவில்லை.

"இவங்க யாருக்கு மேனேஜர்? இவங்களுக்குக் கீழே வேலை செஞ்ச ஒருத்தர் பேரைச் சொல்லுங்க போதும்."

முதலாளி யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். கடைசியில், "பியூன்" என்றார்.

"மத்த பத்து மேனேஜர்களுக்குக் கீழே?"

"அதே பியூன்தான்."

ஆகவே பியூனுக்குச் சம்மன் போயிற்று. அவர் வந்த அன்று எனக்குக் கவலையாக இருந்தது. அவர் இன்னும் அங்கேயே வேலை செய்பவர். இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். கம்பெனி வக்கீல் கேட்டார்.

"இவங்க உங்களுக்கு மேலதிகாரிதானே?"

"எனக்கு எல்லாருமே மேலதான், சார்."

"அப்ப இவங்க சொன்ன வேலையைச் செய்வீங்க?"

"திதி வேலை சொன்னதில்லை. கேப்பாங்க. நேரம் இருந்தா ஒரு டீ கிடைக்குமான்னு கேப்பாங்க. நேரமில்லைன்னா தானே போய் எடுத்துக்குவாங்க."

"நீங்க லீவு யார்கிட்ட கேப்பீங்க?"

"முதலாளிகிட்ட. திதியும் அங்கதான் நிப்பாங்க. சில நாள் எனக்கு முன்னாடி, சில நாள் எனக்குப் பின்னாடி."

வக்கீலம்மா வாயிலிருந்த ஏலக்காயைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

இதற்கிடையில் கம்பெனியில் ஒரு காரியம் நடந்திருந்தது. கடிதம் எழுதும் மென்பொருள், பெயின்ட் வந்து சேரவில்லை என்று கோபமாக எழுதியிருந்த ஒரு கேப்டனுக்கு, தங்கள் அன்பான கடிதம் எங்கள் நாளை இனிமையாக்கியது என்று பதில் அனுப்பிவிட்டது. அந்தக் கப்பல் எங்களிடம் சாமான் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. மகன் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்: டைப்பிஸ்ட் தேவை, ஆங்கிலக் கடிதப் போக்குவரத்தில் அனுபவம் வேண்டும். வக்கீலம்மா அதைக் கத்தரித்து எடுத்துவந்து தீர்ப்பாயத்தில் வைத்தார். மேனேஜர் போன இடத்துக்கு ஏன் டைப்பிஸ்ட் தேடுகிறார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. பதவியின் பெயர் எதுவாயினும், மனுதாரர் செய்தது எழுத்தர் வேலையே, அவர் சட்டப்படி தொழிலாளி, அவரை நீக்கியது முறையல்ல, திரும்ப வேலையில் சேர்க்க வேண்டும். நான் தொழிலாளி என்ற அந்த வரியை எழுந்து நின்று கேட்டேன். மேனேஜர் ஆன அன்றுகூட நெஞ்சு இப்படி நிறையவில்லை. வெளியே வந்து என் கணவர் பக்கத்துக் கடையில் இரண்டு மண்குவளை டீ வாங்கினார்.

"ஜெயிச்சாச்சு. நீ ஒண்ணுமில்லன்னு கோர்ட்டே சொல்லிட்டு" என்றார். அவர் என்னைக் கேலி செய்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

முதலாளி அப்பீலுக்குப் போகவில்லை. மகன் போக வேண்டும் என்றாராம், இவர் போதும் என்றுவிட்டாராம். நான் திரும்பிப் போன முதல் நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எனக்கு ரொம்ப வருத்தம்மா. குடும்பம்னு நினைச்சேன். நீங்க என்னைக் கூண்டுல ஏத்திட்டீங்க."

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "குடும்பத்துல யாரும் யாருக்கும் ஒரு மாச நோட்டீஸ் குடுக்க மாட்டாங்க, சார்" என்றேன். அவர் பாங்கிக்கு ஒரு கடிதம் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

ஓய்வு பெறும்வரை மூன்று வருடம் அங்கே டைப்பிஸ்டாக இருந்தேன். முதல் மார்ச்சில் ஆறு மணி அடித்ததும் மகனே என் மேஜைக்கு வந்து, மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், கிளம்புங்கள், என்றார். கூடுதல் நேரத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவேனோ என்ற பயம். இருபத்திரண்டு வருடம் எட்டரைக்கு முன் முடியாத வேலை, சட்டம் வந்ததும் ஆறு மணிக்குள் முடிந்தது. மற்ற பத்து மேனேஜர்களும் எட்டரை வரை இருந்தார்கள். அவர்களில் நான்கு பேர், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, அந்தப் பட்டியலில் என்னவெல்லாம் எழுதினீர்கள் என்று கேட்டார்கள். நான்கு பேருக்கும் நகல் கொடுத்தேன்.

அதே வருடம் பூஜோ முடிந்த வாரத்தில் பியூன் ஒரு கடிதத்தோடு என் மேஜைக்கு வந்தார். இங்கிலீஷில் இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள், என்றார். மகன் கையெழுத்துப் போட்டிருந்தார். பியூனை ஃபெசிலிட்டி மேனேஜராக உயர்த்தியிருந்தார்கள். தலைமைப் பண்பு என்ற சொல்லும் இருந்தது.

"மேனேஜர் ஆனா எனக்கு யாராவது டீ கொண்டு வருவாங்களா?" என்று கேட்டார்.

"இல்லை. நீங்கதான் கொண்டு வரணும்."

"அப்ப என்ன மாறும்?"

கடைசி வரியைப் படித்துக் காட்டினேன். வேலை நேர விதிகள் அவருக்குப் பொருந்தா.

அவர் தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்தார். "சாருக்கு என் நன்றியைச் சொல்லி, எனக்கு அவ்வளவு தகுதி இல்லைன்னு ஒரு கடிதம் அடிச்சுக் குடுங்க, திதி."

அடித்துக் கொடுத்தேன். வங்காளத்தில் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டு, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முதலாளி மகனுக்கு நாலு மணி டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.